பட்டிப்பொலச் சரிவும் பனிச்சறுக்குப் பலகையும்

பட்டிப்பொல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரமான நிலையம் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவரும் பதுளைக் கோச்சி இங்கே நின்று, ஒஹிய பக்கமாக இன்னும் கொஞ்சம் ஏறி, 1,898 மீட்டரில் உச்சியைத் தொட்டு, சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் இறங்கத் தொடங்குகிறது. இந்த மலைப்பாதையின் ஆகக் கடுமையான சரிவு 44க்கு 1. அதாவது 44 மீட்டர் போனால் 1 மீட்டர் இறக்கம். நடந்து பார்த்தால் சரிவென்றே தோன்றாது. ஆனாலும் பிரேக் பிடிக்காத ஒரு வெற்றுப் பெட்டியை அதில் விட்டால், யாரும் தள்ளாமலே உருண்டு போய்விடும்.

இப்போது அதே சரிவில் வெண்பனி கொட்டிக் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடக்காத காரியம்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை ஹோட்டன் சமவெளியின் புல் நுனியில் சில விடியற்காலைகளில் உறைபனி படியும். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். ஒரு பேச்சுக்கு, முழங்கால் அளவு பனி. அதில் சறுக்குப் பலகை கட்டிய ஒருவரை நிறுத்துங்கள். அவர் நகரவே மாட்டார். தள்ளிவிட்டாலும் சற்றுத் தூரம் போய் நின்றுவிடுவார்.

வழுக்குவதற்கென்றே செய்த பலகை நிற்கிறது. டன் கணக்கில் எடையுள்ள இரும்புப் பெட்டி ஓடுகிறது. கணக்கு எளிது. இரும்புத் தண்டவாளத்தில் 1,000 கிலோவை உருட்டிச் செல்ல இரண்டு மூன்று கிலோ இழுவை போதும். 44க்கு 1 சரிவு தானாகவே 23 கிலோ இழுவையைத் தருகிறது. பனியில் சறுக்கும் பலகைக்கோ 1,000 கிலோவுக்குச் சுமார் 50 கிலோ இழுவை வேண்டும். ஆகவே 20க்கு 1 சரிவு வரும்வரை பனிச்சறுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐரோப்பாவில் ‘நீலம்’ என்று குறிக்கப்படும் இலகுவான சறுக்குத் தடங்களின் சரிவு 4க்கு 1 வரை போகும். மலைநாட்டு ரயில் பாதையின் ஆகக் கடுமையான சரிவைவிடப் பதினொரு மடங்கு. அந்தச் சரிவில் பலகையை நேராகக் கீழ்நோக்கி விட்டால், ஐந்தே வினாடியில் வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்.

பனி ஏன் வழுக்குகிறது என்ற கேள்விக்குப் பாடப் புத்தகங்கள் பல காலம் சொன்ன பதில் தவறு. எடை அழுத்துவதால் பனி உருகி, அந்தத் தண்ணீரில் பலகை வழுக்குகிறது என்றார்கள். 70 கிலோ ஆளின் எடை இரண்டு நீண்ட பலகைகளில் பரவும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 27 கிராம்தான் விழும். அந்த அழுத்தம் பனியின் உருகுநிலையை ஒரு பாகையில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு குறைக்கும். அதை வைத்து எதையும் உருக்க முடியாது. 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் கணவாயில் உட்கார்ந்து அளந்து பார்த்து, உருக்குவது அழுத்தமல்ல, உராய்வின் சூடு என்றார்கள். வெப்பத்தைக் கடத்திவிடும் உலோகப் பலகை அதிகம் உராய்ந்தது. கடத்தாத எபொனைட் பலகை நன்றாக வழுக்கியது. அதற்கும் முன்பே, 1850இல், மைக்கேல் ஃபாரடே இன்னொன்றைச் சொல்லியிருந்தார். பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் திரவம் போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்பது அவர் கருத்து. இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை. உராய்ந்து உருகும் அந்தத் தண்ணீர்ப் படலம் மைக்ரான் அளவு தடிப்புகூட எட்டாது. 70 கிலோ மனிதரை மலையிலிருந்து இறக்கிவிடுவது அதுதான்.

ஆக, இறங்குவதற்குத் திறமை தேவையில்லை. அதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். திறமை தேவைப்படுவது, கிடைத்த ஆற்றலை எங்கே, எப்படிச் செலவழிப்பது என்பதில்தான். 70 கிலோ ஆள் 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஒரு பெரிய கோப்பைத் தேநீருக்கான தண்ணீரை, அதாவது 200 மில்லிலீட்டரை, கொதிக்க வைக்கத்தான் காணும். அற்பம் என்று தோன்றுகிறதா? அதே ஆற்றல் முழுவதும் வேகமாக மாறினால் மணிக்கு 159 கிலோமீட்டர். நீலத் தடத்தில் பனியின் உராய்வு அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தின்னும். மீதியைச் சறுக்குபவரின் கால்கள்தான் கரைக்க வேண்டும், காற்றும் கொஞ்சம் கைகொடுக்கும்.

முதல் நாள் மாணவருக்குக் கற்றுத்தரப்படுவது ஆப்பு நிலை: பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, குதிகால்களை வெளியே அகற்றி, ஆப்பு வடிவில் நிற்பது. பலகையின் உள்விளிம்புகள் பனியைச் சுரண்டும், வேகம் குறையும். பள்ளிக்கூடப் பனிமுகாமுக்குப் போய்வரும் சுவிட்சர்லாந்துத் தமிழ்ப் பிள்ளைகள் இதை ஒரு காலை வேளையில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். பின்னால் சேரும் அப்பாமாருக்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும். இந்த எளிய நிலைக்குள்ளேயே ஓர் அதிசயம் இருக்கிறது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமா? வலக்காலில் எடையைப் போடுங்கள். ஆப்பு நிலையில் வலப்பலகை ஏற்கெனவே இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எடை ஏறியதும் அதன் சொல்தான் எடுபடும். திரும்ப விரும்பும் பக்கம் உடலைச் சாய்ப்பவர் திரும்பாமல் நேராகப் போவதும், எதிர்க்காலை அழுத்துபவர் அழகாகத் திரும்புவதும் இதனால்தான்.

ஆனால் ஆப்பு நிலை பிரேக் மட்டுமே. தொடை எரியும். நல்ல சறுக்காளர் வேகத்தைக் குறைப்பது பாதையின் வடிவத்தால். ஒரு குடம் தண்ணீரைச் சரிவில் ஊற்றினால் அது எந்த வழியே ஓடுமோ அந்த வழிக்கு வீழ்கோடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். வேகம் பிறப்பது வீழ்கோட்டில். அதற்குக் குறுக்கே போகப்போக வேகம் தணியும். தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டி வைத்திருப்பது மழைநீரின் வேகத்தைத் தணிக்கத்தான். தலவாக்கலை தாண்டி கிரேட் வெஸ்டர்ன் பக்கம் ரயில் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போவதும் அதே தந்திரம். சறுக்காளரும் இதையே செய்கிறார். அவருக்கென்று முன்கூட்டி வெட்டிய கானோ போட்ட தண்டவாளமோ கிடையாது, போகிற போக்கில் தானே போட்டுக்கொள்ள வேண்டும். திருப்பத்தை அவசரமாக முடித்துவிடாமல், வேகம் போதும் என்ற அளவுக்குக் குறையும்வரை சரிவின் குறுக்கே ஓடவிட்டு, அதன்பின் அடுத்த திருப்பத்தைத் தொடங்குவது இடைநிலைச் சறுக்காளருக்கு உடனே பலன் தரும் ஒரே ஆலோசனை என்பேன்.

இங்கேதான் பயம் குறுக்கே வருகிறது. செங்குத்தான இடத்தைக் கண்டதும் உடல் பின்னுக்குச் சாயும். பிறந்ததிலிருந்து படிக்கட்டில் பழகிய அனிச்சைச் செயல் அது. நடக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது, பலகையில் கவிழ்ப்பது. எடை பின்னுக்குப் போனால் பலகையின் முன்பகுதி பனியை விட்டு எழும்பிவிடும். திருப்பத்தைத் தொடங்கி வைப்பது அந்த முன்பகுதிதான். ஆகவே பயந்து பின்சாய்பவர் கட்டுப்பாட்டை இழந்து, வேகம் கூடி, மேலும் பயந்து, மேலும் சாய்வார்.

பின்சாயாமல் எப்படி நிற்பது? சரிவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். 4க்கு 1 சரிவில் மரம் வானத்தை நோக்கி நேராக நிற்கிறது. அதுபோல நின்றால் பலகையின் கணக்கில் நீங்கள் 14 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறீர்கள். முன்னே சரிந்து விழுந்துவிடமாட்டோமா என்று கேட்பீர்கள். ஒரு நூலில் கல்லைக் கட்டிக் கையில் தொங்கவிட்டபடி சறுக்கினால் விடை கிடைக்கும். சீரான வேகத்தில் போகும் ரயிலில் அந்த நூல் பூமியின் மையத்தை நோக்கித் தொங்கும். ஆனால் வேகம் கூடிக்கொண்டே சறுக்குபவர் கையிலுள்ள நூல் சரிவுக்குச் செங்குத்தாகத் தொங்கும்! உராய்வு அதை மூன்று பாகை அளவுக்கு மட்டும் பிறழச் செய்யும். காதுக்குள் சமநிலை பார்க்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. அவையும் அந்த நூலைப் போலத்தான் நடந்துகொள்கின்றன. ஓடத் தொடங்கியதும் காது சரிவுக்குச் செங்குத்தையே ‘நேர்’ என்கிறது. கண்தான் ஒத்துக்கொள்வதில்லை. பயிற்சி என்பது பாதிக்குமேல் கண்ணைச் சமாதானப்படுத்துவதுதான்.

‘முழங்காலை மடக்கு’ என்று சரிவோரம் நின்று கத்தும் ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அது அரைகுறை உபதேசம். இப்போதே எழுந்து நின்று சோதிக்கலாம். கெண்டைக்காலை அசையாமல் நேராக வைத்துக்கொண்டு முழங்காலை மடக்குங்கள். இடுப்பு பின்னுக்குப் போகும், எடை குதிகாலில் விழும். அடுத்து, கணுக்காலையும் சேர்த்து மடக்கி, முழங்கால் பெருவிரலுக்கு மேலே வருமாறு இறங்குங்கள். எடை பாதத்தின் நடுவில் நிற்கிறது. சறுக்குச் சப்பாத்து கெட்டியாக, முன்பக்கம் சற்றுச் சாய்ந்து வார்க்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். முன்னெலும்பு சப்பாத்தின் நாக்கை எப்போதும் இலேசாக அழுத்திக்கொண்டிருந்தால் உடல் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் கெண்டைச் சதையில் தெரிந்தால் பின்சாய்ந்துவிட்டீர்கள்.

இனிப் பலகையைப் பார்ப்போம். முனையில் 120 மில்லிமீட்டர், நடுவில் 75, வாலில் 105. உல்லாசத்துக்குச் சறுக்குபவர்களின் பலகை ஏறத்தாழ இந்த அளவில் இருக்கும். இடுப்பு ஒடுங்கிய இந்த வடிவத்தால் இரு பக்கமும் ஒரு மெல்லிய குழிவு உண்டாகிறது. அதை இடைக்குழிவு என்போம். அதன் ஆழம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அந்தக் குழிவை வில்லாகக் கொண்டு வட்டத்தை முழுமையாக வரைந்தால் ஆரம் 14 மீட்டர் வரும். பலகையை விளிம்பில் சாய்த்து எடையைப் போடுங்கள். முனையும் வாலும் பனியைத் தொட, நடுப்பகுதி கீழே வளையும். வளைந்த விளிம்பு பனியில் ஒரு வட்ட வில்லை வெட்டும். அந்தத் தடத்திலேயே பலகை ஓடும். கால் எதையும் திருப்பவில்லை. வடிவம் திருப்புகிறது.

எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு சிறிய வட்டம். 14 மீட்டர் பலகையை 30 பாகை சாய்த்தால் 12 மீட்டர் ஆரத்தில் திரும்பும். 60 பாகை சாய்த்தால் 7 மீட்டர். கார் ஓட்டத்தில் ஸ்டியரிங் செய்யும் வேலையைக் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து சாய்வதன் மூலம் செய்கின்றன. இதற்குப் பலகை நீளவாக்கில் எளிதாக வளைய வேண்டும், ஆனால் முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கினால் முனையின் விளிம்பு பிடியை விட்டுவிடும். வளையட்டும், முறுக்க வேண்டாம் என்ற இந்த முரண்பட்ட இரண்டு கட்டளைகளையும் நிறைவேற்றக் கண்ணாடி இழையும் அலுமினியக் கலவைத் தகடும் அடுக்கடுக்காக ஒட்டப்படுகின்றன. இத்தனை நவீனத்துக்கும் நடுவே, நல்ல பலகைகள் பெரும்பாலானவற்றின் உள்ளே இன்றும் இருப்பது மரம்தான்.

இடை ஒடுங்கிய பலகை புதிதல்ல. நோர்வேயின் டெலிமார்க்கைச் சேர்ந்த சோன்ட்ரே நூர்ஹைம் 19ஆம் நூற்றாண்டிலேயே அப்படிப்பட்ட பலகையைப் பிரபலப்படுத்தினார். 1868இல் இன்றைய ஒஸ்லோவில் நடந்த போட்டியில் அதை வைத்துத் தலைநகரையே வியக்க வைத்தார். 1926இல் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடொல்ஃப் லெட்னர் எஃகு விளிம்புக்குக் காப்புரிமை பெற்றார். மரவிளிம்பு வழுக்கிய கெட்டிப் பனியில் எஃகு கடித்துப் பிடித்தது. ஆனாலும் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைக்குழிவை ஆழப்படுத்த யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆரம் 40 மீட்டருக்கு மேலேயே இருந்தது. 1993இல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் ஆழக் குழிந்த பலகையைக் கொண்டுவந்தபோதுதான், பத்தாண்டு பழகியவர்களுக்கு மட்டுமே வாய்த்த திருப்பம் சாதாரண ஆட்களுக்கும் கைவந்தது.

ரயில் சக்கரத்திலும் இதே சூட்சுமம் இருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. தனித்தனியே சுழல முடியாது. ஆனால் அகலப் பாதையில் ஓர் அரைவட்டத்தைத் திரும்பி முடிக்கும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 5 மீட்டருக்கு மேல் அதிகம் ஓட வேண்டும். எப்படிச் சமாளிக்கிறது? சக்கரத்தின் ஓரம் உருளையல்ல, சற்றே கூம்பு. வளைவில் அச்சு வெளிப்பக்கம் ஒதுங்கும்போது, வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருளும். ஆக அச்சு தானாகத் திரும்புகிறது. ஆனால் மலைநாட்டுப் பாதையின் ஆகக் கூர்மையான வளைவுகளின் ஆரம் 100 மீட்டர்தான். அதற்கு இந்தக் கூம்பு போதாது. சக்கரம் பக்கவாட்டில் நழுவித் தேய்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கேட்கும் அந்தக் கிறீச்சிடல், வடிவத்தின் எல்லை முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு.

பலகைக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. விளிம்பு தன் வில்லிலேயே சுத்தமாக ஓடினால் அது வெட்டுத் திருப்பம். பக்கவாட்டில் நழுவிச் சுரண்டினால் வழுக்குத் திருப்பம். 14 மீட்டர் பலகையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் சுத்தமாக வெட்டித் திரும்ப, சமதளக் கணக்குப்படி 30 பாகை சாய வேண்டும். 36 கிலோமீட்டரில்? 47 பாகை! ஆறே கிலோமீட்டர் கூடியதற்கு இத்தனை. முதலாவதில் 70 கிலோ உடம்பு 81 கிலோவாகக் கனக்கும். இரண்டாவதில் 102 கிலோ. மணிக்கு 42 கிலோமீட்டர் தாண்டினால் கணக்கே உடைந்துவிடும்: வேகம் கூட, இன்னும் சாய வேண்டும், சாய்ந்தால் வட்டம் சுருங்கும், சுருங்கினால் மேலும் சாய வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் வழுக்கியே ஆக வேண்டும். வெட்டுத் திருப்பம்தான் உயர்ந்தது, வழுக்குவது தோல்வி என்று சிலர் பேசுவதை இந்தக் கணக்கு அடக்கிவிடும். பந்தயக்காரர்களுக்கு அதிக ஆரமுள்ள பலகை வேறு. ஆண்களின் ஜயண்ட் ஸ்லாலம் பந்தயத்துக்கு இன்றைய விதிப்படி 30 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க் மலையடிவாரத்தில் வளர்ந்து, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயத்தில் 45ஆம் இடம் பிடித்த ஆரிஃப் கானின் காலில் இருந்தது அந்த வகை. விடுமுறைக்குப் போகிறவர் அதைக் கட்டிக்கொண்டால் திரும்பவே மாட்டார்.

அவ்வளவு சாய்ந்தும் விழாமல் இருப்பது எப்படி? முழு உடலையும் உள்பக்கம் சாய்த்தால் எடை உள்காலுக்குப் போய், வெளிப்பலகை பிடிவிட்டு ஓடிவிடும். ஆகவே கால்களும் இடுப்பும் வட்டத்தின் உள்ளே சாய, இடுப்புக்கு மேலே உடல் வெளிப்பக்கம் மடிந்து நிற்க வேண்டும். தோள்கள் கிட்டத்தட்டப் பனிச்சரிவுக்கு இணையாக இருக்கும். வெளிக்கால் நீண்டு சுமையைத் தாங்கும். உள்கால் மடங்கி வழிவிடும். சோதிக்க எளிய வழி, திருப்பத்தின் நடுவே உள்பலகையின் வாலைப் பனியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பார்ப்பது. தூக்க முடிந்தால் எடை சரியான காலில் இருக்கிறது. முடியாவிட்டால் மலைப்பக்கம் ஒட்டிச் சாய்ந்திருக்கிறீர்கள்.

இத்தனையையும் நினைத்துக்கொண்டு சறுக்க முடியுமா? முடியாது, நினைக்கவும் கூடாது. 1998இல் கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். பனிச்சறுக்கைப் போலப் பக்கவாட்டில் ஊசலாடும் சக்கர மேடையில் ஆட்களை ஏற்றி, ஒரு குழுவிடம் தம் பாதங்களின் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றதிடம் மேடையின் சக்கரங்கள் மீதான அழுத்தத்தை. சக்கரங்கள் இருந்ததோ பாதங்களுக்கு நேர் கீழே! ஆனாலும் சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். கவனம் உடலைவிட்டு அரை அடி வெளியே போனதும், உடல் தன் வேலையைத் தானே ஒழுங்காகச் செய்தது. ஆகவே சரிவில் ‘என் கணுக்கால் எங்கே’ என்று தேடாமல், வெளிப்பலகையின் விளிம்பு பனியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். காதாலும் பார்க்கலாம்: சுரண்டும் சத்தம் வந்தால் வழுக்குகிறது, மெல்லிய சீறல் என்றால் வெட்டுகிறது.

கண்ணால் பார்க்கவும் ஓர் இடம் உண்டு. ஆளரவமற்ற, புதிதாகச் சீர்செய்த தடத்தில் நான்கு திருப்பம் போட்டு நின்று, திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள். வெட்டிய இடத்தில் பென்சிலால் இழுத்தது போன்ற இரண்டு மெல்லிய கோடுகள் இருக்கும். வழுக்கிய இடத்தில் அவை அகன்று, இழுகிய பட்டையாகியிருக்கும். பட்டை திருப்பத்தின் தொடக்கத்திலேயே இருந்தால், பலகை சாய்வதற்கு முன் குதிகாலைத் தள்ளியோ தோளைச் சுழற்றியோ அவசரப்பட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை முதலில் சாயுங்கள், திரும்புவதற்குக் காத்திருங்கள். பட்டை முடிவில்தான் தொடங்குகிறது என்றால், கடைசி நேரத்தில் மலைப்பக்கம் ஒண்டியிருக்கிறீர்கள்; வெளிக்கை பள்ளத்தாக்குப் பக்கம் நீண்டிருக்கட்டும். ஒரு கோடு சுத்தமாகவும் மற்றது இழுகியும் இருந்தால், இரண்டு பலகையையும் ஒரே அளவு சாய்க்கவில்லை. பெரும்பாலும் குற்றவாளி உள்கால் முழங்கால்தான். அதைத் திரும்பும் பக்கம் கொஞ்சம் விலக்கிச் சாய்த்தால் கோடு நேராகிவிடும்.